"எங்கே உன் ஆண்டவர்?" என்று சிரிப்பவர்களுக்கு வேதம் தரும் பதில்

அம்மா, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறீர்கள். அப்பா சின்னப் பையனாகச் சிலோனிலிருந்து வந்தவர். தோட்ட வேலை பார்த்துக்கொண்டே லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஜெபக்கூட்டம் நடத்தியவர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் போய் ஜெபித்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் தெளிவாக வருவதில்லை. "ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணினாரே, இப்போ அவர் ஆண்டவர் எங்கே போனாராம்?" என்று டீக்கடையில் உங்கள் தம்பி காதுபடவே பேசிச் சிரிக்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டீர்கள். சபையிலிருந்து பார்க்க வந்த இரண்டு பேர், "மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை பண்ணச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் தாங்கவில்லை. "பரியாசத்துக்கு வேதத்தில் பதில் என்ன? வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கிறிஸ்தவமா?" என்று கேட்கிறீர்கள்.

டீக்கடையில் சொன்னதும் சபையார் சொன்னதும் ஒன்றுதான். அவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள், இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். இரண்டுக்கும் அடியில் ஒரே கணக்கு: கடவுளுக்கு வேண்டியவனாக இருந்தால் இவனுக்கு இப்படி வந்திருக்காது. வேதத்தில் துன்பப்படுகிறவனைப் பார்த்துச் செய்யப்படும் பரியாசங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான் இருக்கும். அது தப்புக் கணக்கு என்று வேதம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

22ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குகிறேன். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று ஆரம்பிக்கிற சங்கீதம். பாடுகிறவர் தன்னை ஒரு புழு என்கிறார். பார்க்கிறவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள். கர்த்தரை நம்பியிருந்தானே, அவர் வந்து இவனை விடுவிக்கட்டும் பார்ப்போம் என்கிறார்கள். டீக்கடைப் பேச்சு அப்படியே இருக்கிறதா? மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் சிலுவைக்குக் கீழே நின்ற பிரதான ஆசாரியர்களின் வாயில் ஏறக்குறைய இதே வார்த்தைகள் வருகின்றன. இயேசு அதே சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லிக் கதறுகிறார். ஒரே பாட்டின் ஒரு வரியைச் சிலுவையைச் சுற்றி நின்றவர்கள் கேலியாகச் சொல்ல, இன்னொரு வரியைச் சிலுவையில் தொங்குகிறவர் ஜெபமாகச் சொல்கிறார். சங்கீதத்தின் 24ஆம் வசனத்துக்கு வாருங்கள். உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தைக் கடவுள் அற்பமாக எண்ணவில்லை, அருவருக்கவில்லை, அவனுக்குத் தம் முகத்தை மறைக்கவும் இல்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. கேலி செய்தவர்கள் போட்ட கணக்குக்கு நேர் எதிரான வசனம் இது. பல பிரசங்கங்கள் இந்த வசனம்வரை வராமலே முடிந்துவிடுகின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனால் சபையார் சொன்ன வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு மறுபடியும் வாசியுங்கள். மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடவுள் நியாயமுள்ளவர், நீ துன்பப்படுகிறாய், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று பக்தியான வார்த்தைகளில் சுற்றிச் சுற்றி அதையே சொன்னார்கள். யோபு அவர்களை அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர், அதாவது தொல்லை தருகிற ஆறுதல்காரர் என்றார். வெளியே சின்னப் பையன்கள் தன்னைப் பாட்டுக் கட்டிக் கேலி செய்வதையும் அதே மூச்சில் சொல்லி அழுதார், இரண்டும் அவருக்கு ஒரே வலியாகத்தான் இருந்தது. கடைசி அதிகாரத்தில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார்? வரைமுறை இல்லாமல் கத்திய யோபுவின்மேல் அல்ல. தம்மைக் காப்பாற்றி வாதாடிய சிநேகிதர்கள்மேல். யோபுவைப்போல் நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். அவர்களுக்காக யோபுதான் ஜெபம் பண்ண வேண்டியதாயிற்று.

புதிய ஏற்பாட்டிலும் இதே பேச்சுத்தான். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் கண்டு, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டவர்கள் அந்நியர்கள் அல்ல, இயேசுவின் சீஷர்கள். இரண்டும் இல்லை என்றார் அவர். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். உங்கள் வீட்டுக்கு வந்த இருவருக்கும் இந்தப் பகுதிகள் தெரியாமல் இருக்காது. ஒரு மனிதனின் கட்டில் பக்கத்தில் உட்காரும்போது அவை நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி சிலுவைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் ஆணியும் இரத்தமும் நிறைய வரும். சுவிசேஷங்களிலோ அது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. "சிலுவையில் அறைந்தார்கள்" என்பதோடு முடிந்தது. ஆணி என்ற சொல்லே அறைகிற இடத்தில் இல்லை, உயிர்த்தெழுந்த பிறகு தோமா கேட்கும்போதுதான் வருகிறது. ஆனால் சிரிப்பைப் பற்றி வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். பிரதான ஆசாரியன் வீட்டுக் காவலர்கள் இயேசுவின் கண்ணைக் கட்டி அடித்து, அடித்தது யார், தீர்க்கதரிசனம் சொல் என்றார்கள். கலிலேயாவை ஆண்ட ஏரோது மினுக்கான ஒரு ஆடையை உடுத்தி, ரோம ஆளுநரான பிலாத்துவிடம் திருப்பி அனுப்பினான். அப்புறம் போர்ச்சேவகர்கள்.

அந்தச் சேவகர்கள் செய்ததைக் கிட்ட நின்று பாருங்கள். கசையடி பிலாத்துவின் கட்டளை. இதற்கோ யாரும் கட்டளையிட்டதாக எழுதப்படவில்லை, அவர்களாகவே செய்தார்கள். ஒருவன் போய் ஒரு மேலங்கியைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான், அது ராஜ உடை. ஒருவன் உட்கார்ந்து, கை குத்தாமல் பார்த்துப் பார்த்து முள்ளை வளைத்துப் பின்னியிருக்கிறான், அது ரோமச் சக்கரவர்த்தியான இராயன் அணியும் வாகை மாலைக்குப் பதில். வலது கையில் ஒரு கோலைக் கொடுத்தார்கள், அது செங்கோல். பிறகு வரிசையாக முழங்காலிட்டு, "யூதருடைய ராஜாவே, வாழ்க" என்றார்கள். இராயனுக்குச் செய்கிற மரியாதை ஒவ்வொன்றையும் தலைகீழாக்கிக் காட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் அந்தச் செங்கோலையே பிடுங்கி அவர் தலையில் அடித்தார்கள், முகத்தில் துப்பினார்கள். பட்டாளத்தின் கூட்டம் முழுவதையும் இதற்காகக் கூட்டினார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். வலிக்கவைப்பது மட்டும் நோக்கமென்றால் இவ்வளவு ஜோடனை தேவையில்லை. உன் பேச்சு எதுவும் உண்மையில்லை என்று எல்லோர் முன்னாலும் காட்டுவதுதான் நோக்கம்.

எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில், பெரிய வெள்ளியன்று இளைஞர்கள் சிலுவைப்பாதையை நடித்துக் காட்டுவார்கள். தேயிலைக்கு நடுவே ஏறுகிற மண்ரோடுதான் கல்வாரி. அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய கவசம், உண்ணிச்செடிக் கொடியில் சுற்றிய முள்முடி, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் செங்கோல். சேவகனாக வந்த பையன் இடுப்பை வளைத்து, பல்லைக் காட்டி, "ராஜா வாழ்க" என்று ஒரு கும்பிடு போட்டான் பாருங்கள், முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அம்மாமார் தலையில் தட்டி அடக்கினார்கள். பிள்ளைகள்மேல் தப்பில்லை, அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கேலி வேலை செய்வதே அப்படித்தான், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறவனையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளும். லூக்கா ஒரு விஷயம் குறித்து வைத்திருக்கிறார்: அதுவரை பகையாக இருந்த ஏரோதும் பிலாத்துவும் அந்த நாளில்தான் சிநேகிதரானார்கள். நடுவில் ஒருவரைக் கேலிப்பொருளாக நிறுத்திய பிறகு. டீக்கடையில் ஒருவர் சொல்ல நாலு பேர் சிரித்தார்களே, அந்த நாலு பேரும் உங்கள் அப்பாவுக்கு எதிரிகளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நாளைக்கு அவர்களில் ஒருவரே உங்களுக்கு ஒரு கை கொடுக்கலாம். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

சிலுவைக்குக் கீழே நின்றவர்களின் கேலி இன்னும் கூர்மையானது. "நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா" என்கிறார்கள். இதே "தேவனுடைய குமாரனேயானால்" மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் பிசாசின் வாயில் வந்தது. கல்லை அப்பமாக்கு, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்றான் அவன். ஆரம்பத்தில் சோதனையாக வந்தது முடிவில் பரியாசமாக வருகிறது. அவர் இறங்கவில்லை. கேலி செய்தவர்கள் கேட்ட நிரூபணத்தைக் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்க வேண்டியதில்லை, அம்மா. அப்பா எழுந்து நடந்து காட்டினால்தான் அவருடைய விசுவாசம் மெய் என்று நீங்களே உள்ளுக்குள் நினைக்க ஆரம்பித்துவிட்டீர்களோ என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்தால் டீக்கடைக் கணக்கை நாமே ஏற்றுக்கொண்ட மாதிரி. அவர் குணமாக வேண்டும் என்று ஜெபியுங்கள், மருந்தும் பயிற்சியும் விடாமல் கொடுங்கள். அதை யாருக்கும் அத்தாட்சியாக ஆக்காதீர்கள்.

சரி, வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்ற கேள்வி. நம் சபைகளில், அதிலும் பெண்களிடம், "அவர் வாய் திறக்கவில்லை" என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இயேசு வையப்படும்போது பதில் வையவில்லை என்று பேதுரு எழுதியது உண்மை. பதிலுக்குத் திட்டவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். யோவான் 18ஆம் அதிகாரத்தில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு பேசினார்: நான் தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய்? குரல் உயரவில்லை, சாபமில்லை, கேள்வி மட்டும் நேராகப் போகிறது. பவுல் பிலிப்பி பட்டணத்தில், தன்னை விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் காதும் காதும் வைத்தாற்போல் அனுப்பிவிடப் பார்த்தபோது, முடியாது, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே கொண்டுபோகட்டும் என்றார். அவர்கள் வந்து வேண்டிக்கொண்டார்கள். ஆக, சபையார் அடுத்த முறை அந்தப் பேச்சை எடுத்தால், "எந்தப் பாவம் என்று தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அவர் காதில் விழும்படி இப்படிப் பேசாதீர்கள்" என்று நீங்கள் சொல்லலாம். அது அடங்காத்தனம் ஆகாது.

கடவுளிடம் பேசுவதற்கோ கட்டுப்பாடே இல்லை. எரேமியா தீர்க்கதரிசியைத் தொழுமரம் என்ற தண்டனைக் கட்டையில் மாட்டி வைத்தார்கள், நாள்தோறும் ஊருக்கு நகைப்பானேன் என்று அழுதார், நீர் என்னை இணங்கப்பண்ணினீர் என்று கடவுள்மேலேயே குற்றம் சாட்டினார், பிறந்த நாளைச் சபித்தார். 20ஆம் அதிகாரம் அந்தச் சாபத்தோடேயே முடிகிறது. கடவுள் அவரைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு வரியும் இல்லை. "உன் தேவன் எங்கே" என்று நாள்தோறும் கேட்கிறார்கள், கண்ணீரே எனக்கு உணவாயிற்று என்கிறது 42ஆம் சங்கீதம். உங்கள் வீட்டில் நடப்பது அது.

உங்கள் அப்பா சிலோனிலிருந்து வந்தவர் என்றதும் எனக்கு 137ஆம் சங்கீதம்தான் நினைவுக்கு வந்தது. 1964-ல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றது. யாரிடம் கேட்டு எழுதினார்கள்? தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இங்கே வந்தார்கள். தமிழ்நாடு அரசு 1968-ல் இவர்களுக்காக நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். இலங்கையில் "கள்ளத்தோணி" என்று கேலி, இங்கே வந்தால் "சிலோன்காரன்", "அகதி". 137ஆம் சங்கீதத்திலும் இப்படித்தான். யூதரைப் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனவர்கள், உங்கள் சீயோன் (எருசலேம்) பாட்டில் ஒன்று பாடிக் காட்டுங்களேன் என்று கேட்கிறார்கள். பாட்டின் மேல் ஆசைப்பட்டுக் கேட்டது அல்ல அது. வீடும் கோயிலும் இழந்தவனிடம் உன் கடவுளின் பாட்டைப் பாடு என்பது குத்திக்காட்டல். அந்த ஜனம் தங்கள் நரம்பு வாத்தியங்களான கின்னரங்களை அலரி மரங்களில் மாட்டிவிட்டது. அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனம் பயங்கரமானது, பழிவாங்கும் வசனம். அதை வாசித்துத் திடுக்கிட வேண்டாம். அவமானப்பட்ட ஜனத்தின் கோபத்தை வேதம் வெட்டி எறியாமல் ஜெபத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

ஆனால் கோபத்தை ஜெபத்தில் வைப்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரர்மேல் ஏவுவது வேறு. எலிசா தீர்க்கதரிசியைக் கேலி செய்த 42 பேரைக் கரடிகள் பீறின கதையைச் சொல்லி, "பாருங்கள், அவர்களுக்கு என்ன நடக்கிறதென்று" என்று உங்களைத் தேற்ற யாராவது வருவார்கள். கேட்டுக்கொள்ளாதீர்கள். தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியக் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறக்கட்டுமா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் இயேசு அதட்டினார். வேதத்தில் நல்லவர்களும் கேலி செய்கிறார்கள், எலியா பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளைப் பார்த்து, உங்கள் தேவன் தூங்குகிறானோ என்னவோ என்றார். அவர்கள் 450 பேர், அரண்மனையின் ஆதரவு அவர்கள் பக்கம், எலியா ஒற்றை ஆள். கீழே கிடக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்குத்தான் வேதத்தில் அனுமதியே இல்லை. ஏழையைப் பரியாசம் பண்ணுகிறவன் அவனை உண்டாக்கினவரையே நிந்திக்கிறான் என்கிறது நீதிமொழிகள் 17. இது நமக்கும் சேர்த்துத்தான். அடுத்த தெருவில் குடித்துக் குடித்து விழுந்தவரைப் பற்றி நம் ஜெபக்கூட்டங்களில் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம்மை யார் எது சொன்னாலும் அது கிறிஸ்துவுக்காகப் பட்ட நிந்தை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது, "பொய்யாய்" சொன்னால் என்றுதான் மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது.

ரோமாபுரியில் பாலத்தீன் குன்றில் 1857-ல் ஒரு சுவர்க் கிறுக்கலைக் கண்டுபிடித்தார்கள். கி.பி. 200-ஐ ஒட்டியது என்று பலரும் கணிக்கிறார்கள். கழுதைத் தலையோடு ஒரு மனிதன் சிலுவையில் தொங்குகிறான், கீழே ஒருவன் கையைத் தூக்கி வணங்கி நிற்கிறான். "அலெக்ஸமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் கீறியிருக்கிறது. கூட வேலை செய்த யாரோ செய்த நக்கலாக இருக்கலாம். இன்று நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய சிலுவைப் படங்களில் இதுவும் ஒன்று. உங்கள் தம்பிக்கு இந்த அலெக்ஸமெனோஸைப் பற்றிச் சொல்லுங்கள். நாலு பேர் சிரிக்க நிற்பது தம்பிக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

அப்பாவுக்கு எதை வாசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். 22ஆம் சங்கீதத்தை 31 வசனமும் வாசியுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். பக்கவாதத்தில் பேச்சு தடைப்பட்ட சிலருக்கு, சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வராவிட்டாலும் பழகிய பாட்டும் மனப்பாட ஜெபமும் வரும். அவர் ஜெபக்கூட்டங்களில் எந்தப் பாட்டை முதலில் எடுப்பாரோ அதை நீங்கள் மெதுவாகத் தொடங்கிப் பாருங்கள், அவசரப்படுத்தாமல்.

கடைசியாக எரேமியா 38. அவரைச் சேறு நிறைந்த துரவில் (கிணறு போன்ற குழியில்) கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியன், அரண்மனை வேலைக்காரன், ராஜாவிடம் போய்ப் பேசி, 30 பேரைக் கூட்டிக்கொண்டு தூக்க வந்தான். வருகிற வழியில் பொக்கிஷ அறைக்குக் கீழே போய்ப் பழந்துணிகளையும் கந்தல்களையும் பொறுக்கி எடுத்துக்கொண்டான். அதைக் கீழே இறக்கி, கயிறு அறுக்காதபடி இவைகளை அக்குளில் வைத்துக்கொள்ளும் என்றான். ஏன் துரவில் விழுந்தீர் என்று கேட்கவில்லை. பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக லயத்திலிருந்து ரோடு வரை அந்தப் படிகளில் அப்பாவை ஏற்றுவதுதான் பெரிய பாடு, மழையில் பாசி பிடித்து வழுக்குகிறது, தம்பி ஒருவனால் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்காரவைத்து, கம்பளியை மடித்து அக்குளுக்குக் கீழே கொடுத்துத் துண்டால் கட்டினால் நாலு பேர் நிதானமாகத் தூக்கிவிடலாம். உங்கள் தம்பி ஒரு ஆள், டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டாலும் வருவார், இரண்டு ஆள் ஆயிற்று. சபையார் இருவரும் மறுபடி வந்தால், அவர்கள் ஜெபத்துக்குக் கண்ணை மூடும் முன்பே, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைச் சொல்லி, காலையில் எத்தனை மணிக்கு வந்து பிடிக்க முடியும் என்று கேளுங்கள்.